பஃபர் மீனுக்குப் பல் வளர்ந்துவிட்டால்: நத்தையா, டாக்டரா, நாமே வெட்டுவதா?

நத்தை மணலில் ஊர்ந்துகொண்டிருந்தது. என் பஃபர் மீன் அதன் முன்னால் வந்து நின்று, இரண்டு கண்களையும் அதன்மேல் நிறுத்தி, பாய்ந்தது. டக்கென்று ஒரு சத்தம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கும் அளவுக்கு. நத்தை உருண்டு போனது, ஓட்டில் கீறல்கூட விழவில்லை. மறுபடி பாய்ந்தது. ஐந்தாவது முறை வாயில் பிடித்தும் துப்பிவிட்டு, மூலையில் இருந்த ஃபில்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அன்றோடு மூன்று நாளாக அது எதுவும் சாப்பிடவில்லை. டார்ச் அடித்து வாயைப் பக்கவாட்டில் பார்த்தேன். மேல் பல் கிளிமூக்கு போல வளைந்து கீழ்ப் பல்லைத் தாண்டி இறங்கியிருந்தது. வாய் திறக்கும் இடைவெளி ஒரு வெந்தயம் நுழையும் அளவுகூட இல்லை.

பஃபர் வளர்க்கிறவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். எதிரே நான்கு வழிகள் தெரியும். கடினமான தீனி போட்டுப் பல் தானாகத் தேயட்டும் என்று காத்திருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். மயக்கம் கொடுத்து வீட்டிலேயே வெட்டலாம். நம்மால் முடியாது என்று வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாம். நான் நான்கையும் யோசித்தேன், அவற்றில் மூன்றை ஒவ்வொன்றாக முயன்றேன். ஆனால் எனக்கு எது பயமில்லாமல் இருந்ததோ அதை முதலில் செய்தேன். மீனின் வாய்க்கு எது தேவை என்று பார்த்து முடிவெடுத்திருந்தால் நான்காம் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை, பதினோராம் நாள்வரை இழுத்தது. அத்தனை நாளும் மீன் பட்டினி. இன்னொருவர் வீட்டு மீனுக்கு அது வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல் ஏன் வளர்கிறது

நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்லும் மீன்தான் பஃபர். வலையில் ஏறினால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள், ஈரலிலும் சினையிலும் தோலிலும் விஷம் இருக்கும். இந்தக் குடும்பத்தின் அறிவியல் பெயரான டெட்ராடான்டிடே என்பதற்குக் கிரேக்கத்தில் நான்கு பல் என்று பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தகடுகள் சேர்ந்து ஓர் அலகாக நிற்கும். உடம்பெல்லாம் முள் உள்ள முள்ளுப் பேத்தை பக்கத்துக் குடும்பம். அதற்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு மட்டும். இரண்டிலும் பல் நம் நகம் போலத்தான், உயிரோடு இருக்கும்வரை வளரும். கழிமுகத்தில் நண்டையும் நத்தையையும் மட்டியையும் நாள் முழுக்க உடைத்துத் தின்கிற மீனுக்கு, வளர்கிற வேகத்திலேயே பல் தேய்ந்துவிடும். தொட்டியில் மெத்தென்ற தீனி மட்டும் கிடைத்தால் தேயாது, அவ்வளவுதான்.

என்னுடையது பச்சைப் புள்ளி பஃபர். வீட்டில் அதற்குக் குண்டு என்று பெயர். தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கழிமுகங்களில் வாழ்கிற இனம். நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரை வரும். வாங்கிய கடையில் நன்னீர் மீன் என்றார்கள், உறையவைத்த பிளட்வோர்ம் என்ற சிவப்புப் புழுவைப் போட்டால் போதும் என்றார்கள். பதினான்கு மாதம் அதையே போட்டேன். உப்புத்தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பதையாவது ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டேன். பல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை, ஏனென்றால் அது ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

முடிவெடுக்கும் முன் வாயைப் பாருங்கள்

எந்த வழி என்பதை மீனின் வாய் சொல்லும். பசியோடு இருக்கும் நேரத்தில், மீனின் கண் அளவுள்ள ஒரு சின்ன நத்தையைப் போடுங்கள். ஓட்டை உடைத்துவிட்டதா? பல் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தாலும் இன்னும் நேரம் இருக்கிறது. உடைக்க முடியவில்லை, ஆனால் நறுக்கிய இறாலை உறிஞ்சி விழுங்குகிறது என்றால் நேரம் குறைவு. இறால் துண்டையும் வாயருகே கொண்டுபோய்த் துப்புகிறது என்றால் இனி ஒவ்வொரு நாளும் அதன் தெம்பிலிருந்து போகிறது.

அடுத்து வயிறு. மேலிருந்து பாருங்கள். பஃபர் எப்போதும் பின்புறம் சிறுத்து, நடு உடம்பு பருத்துத் தெரிய வேண்டும். பக்கத் துடுப்புக்குப் பின்னால் உள்வாங்கிப் பள்ளமாகத் தெரிந்தால் பட்டினி நாம் நினைத்ததைவிட முன்பே தொடங்கிவிட்டது. குண்டு விஷயத்தில் நான் மூன்று நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பழைய படங்களை எடுத்து ஒப்பிட்டபோதுதான், அதற்கு ஒரு மாதம் முன்பே வயிறு இறங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. சாப்பிடுவது போலத்தான் இருந்தது, உண்மையில் பாதிப் புழு வாயிலிருந்து நழுவி மணலில் விழுந்துகொண்டிருந்தது.

முதல் வழி: கடினத் தீனி

நத்தையை இன்னும் உடைக்க முடிகிற மீனுக்கு இதுதான் சரியான வழி, வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மயக்கமும் இல்லை, கத்தியும் இல்லை. தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன் நத்தையும், குளத்து நத்தையும் நல்லவை. ஓடு உடைபடும் அளவுக்குத்தான் கடினம். கூம்பு போல நீண்டிருக்கும் மலேசிய டிரம்பெட் நத்தையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் ஓடு பல்லையே உடைத்துவிடும் அளவுக்குக் கெட்டி. காசிமேட்டிலோ பக்கத்து மீன் கடையிலோ வாங்கும் சின்ன நண்டின் கால்கள், தோலும் தலையும் எடுக்காத இறால், ஓட்டோடு மட்டி, இவையெல்லாம் பச்சைப் புள்ளிக்குப் பிடிக்கும். நண்டுக் காலை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி இடுக்கியில் பிடித்துக் காட்டினால், இழுத்து இழுத்துக் கடிக்கும். அந்த இழுபறியிலேயே நிறையத் தேயும்.

இறாலும் மட்டியும் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் பல வகைகளில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும், மாதக்கணக்கில் அதையே தின்கிற மீன் நோய்ப்படும். நத்தையை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வைத்து, மற்ற நாட்களில் மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

நத்தையை வயலிலும் ஏரியிலும் பொறுக்கிப் போடாதீர்கள். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். மொட்டை மாடி நிழலில் ஒரு பழைய பெயின்ட் வாளி, நன்றாகக் கழுவியது, போதும். உப்புச் சேர்க்காத நன்னீரை அதில் ஊற்றி, பத்துப் பதினைந்து நத்தையை விட்டு, வேகவைத்த வெள்ளரித் துண்டு, கீரைத் தண்டு போட்டால் இரண்டு மாதத்தில் வாளிச் சுவரெல்லாம் முட்டை. ஓடு மெலிந்து போனால் துளி முட்டை ஓட்டுத் தூள் போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டையும் ஒரு துண்டு போடலாம். அதையே நேராக டேங்கில் தொங்கவிட்டால் மீன் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். குண்டு அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த வழிக்கு ஓர் எல்லை இருக்கிறது. நான் தவறிய இடமும் அதுதான். மேல் பல்லின் விளிம்பும் கீழ்ப் பல்லின் விளிம்பும் நேருக்கு நேர் சந்தித்தால்தான் நடுவில் மாட்டிய ஓடு பல்லைத் தேய்க்கும். ஒன்று மற்றொன்றைத் தாண்டி இறங்கிவிட்டால் விளிம்பும் விளிம்பும் சந்திப்பதே இல்லை. அப்போது எத்தனை நத்தை போட்டாலும் தேய எதுவும் இல்லை, மீன் மோதி மோதிக் களைத்துப் போகும். நான் ஐந்து நாள் அப்படித்தான் போட்டேன். எதையோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு, பசி மீனுக்கு. பல் தாண்டிய பிறகு நத்தை போட்டுக் காத்திருப்பது இருப்பதிலேயே மென்மையான வழி போலத் தோன்றும். நான்கில் அதிகமாக மீனைக் கொல்வது அதுதான் என்பேன்.

இரண்டாம் வழி: மருத்துவர்

கிடைத்தால் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. மருத்துவர்கள் பயன்படுத்துவது எம்.எஸ்.-222 என்ற மயக்கப்பொடி. அது தண்ணீரை அமிலமாக்கும், ஆகவே சமையல் சோடா சேர்த்துச் சரிசெய்துகொள்வார்கள். பெரிய மீனாக இருந்தால் மயக்கமருந்து கலந்த தண்ணீரையே ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விட்டு, செவுள் மேல் ஓடவைத்து, மேசைமேல் வைத்துக்கொண்டே நிதானமாக வேலை செய்ய முடியும். நம்மால் வீட்டில் ஒருபோதும் செய்ய முடியாதது இது. 2018-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கோல்டி என்ற முள்ளுப் பேத்தைக்கு மயக்கம் கொடுத்து, வளர்ந்து வாயை அடைத்த பல்லை மருத்துவர்கள் ரம்பத்தால் அறுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் எடுத்த அந்தச் சிகிச்சைக்குப் பிறகு மீன் மறுபடி சாப்பிடத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது வேடிக்கையாகத்தான் படித்தேன். குண்டுக்கு வந்தபிறகு மறுபடி தேடி எடுத்து, வரி வரியாகப் படித்தேன்.

நம் ஊரில் இடைஞ்சல், மீன் பார்க்கிற மருத்துவர் அமைவதுதான். நாய், பூனை, மாடு பார்க்கும் மருத்துவர்கள் நிறைய. கிளி, ஆமை பார்ப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். நான் போனில் பேசிய மூன்று இடங்களில் இரண்டில், மீனுக்கு மயக்கம் கொடுத்துப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள். அதை நான் மதிக்கிறேன். மூன்றாவது இடத்தில் கொண்டு வாருங்கள் என்றார்கள், போனோம், தண்ணீரில் இருந்த மீனைப் பார்த்துவிட்டு, கையில் எடுக்கத் தயங்கி, வாயில் பூஞ்சை என்று ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வாளியோடு ஆட்டோவில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அன்று மாலை மீன் வயிறு சாம்பல் நிறமாகக் கிடந்தது. பச்சைப் புள்ளிக்கு மன உளைச்சல் என்றால் வெள்ளை வயிறு அப்படிக் கறுக்கும்.

ஆகவே போவதற்கு முன் போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: மீனுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறீர்களா, எந்த மருந்தில்? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் விட்டுவிடலாம். மீன் நோயையே படிப்பாகப் படித்தவர்கள் வேண்டும் என்றால், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்திலும் பொன்னேரியிலும் வளாகங்கள் இருக்கின்றன. விசாரிக்க அங்கிருந்து தொடங்குவது நல்லது. கொண்டுபோகும்போது மூடியுள்ள வாளி, பாதித் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப், மேலே கறுப்புத் துணி.

சில நிலைகளில் மருத்துவரைத் தவிர வேறு வழியே இல்லை. மீன் ஒரு சாணுக்கு மேல் நீளம் என்றால் அதன் பல்லை நம் கையிலுள்ள கருவி வெட்டாது, பிளந்துவிடும். ஃபஹாகா, எம்பு போன்ற ஆப்பிரிக்கப் பெரிய பஃபர்களும் பெரிய முள்ளுப் பேத்தையும் இதில் அடங்கும். தாடை வீங்கியிருந்தாலும், ஈறில் ரத்தம் தெரிந்தாலும், பல் ஒரு பக்கம் மட்டும் உடைந்து கோணலாக வளர்ந்திருந்தாலும் வீட்டில் கைவைக்காதீர்கள், தூரமானாலும் போங்கள்.

மூன்றாம் வழி: வீட்டிலேயே வெட்டுவது

கொளத்தூரில் அலங்கார மீன் வளர்க்கிற அண்ணன் ஒருவரிடம், மீனைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, வெட்டுறதுல இருக்கிற ஆபத்து பத்து நிமிஷம். அது சாப்பிடாம இருக்கிற ஆபத்து ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு” என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவரே வீட்டுக்கு வந்தார்.

மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு நாம் பஞ்சில் தொட்டு வைக்கிற அதே எண்ணெய்தான், அதிலுள்ள யூஜெனால் மீனையும் மயக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் பல்வலி மருந்து என்று விற்பவற்றில் கற்பூரமும் வேறு எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது. கிராம்பு எண்ணெய் மட்டும் என்று லேபிளில் இருக்க வேண்டும். வெட்டுவதற்கு, அழகுநிலையத்தில் நகக்கண் ஓரத் தோலை வெட்டும் கூர்முனைச் சின்ன கட்டர். சாதாரண நகவெட்டி வேண்டாம், எதை வெட்டுகிறோம் என்பதை அதன் தலையே மறைத்துவிடும்.

அளவுதான் இதில் உயிர். லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம், அதாவது 0.05 மில்லிலிட்டர், ஏறக்குறைய ஒரு சொட்டு. லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அது மயக்கம் இல்லை, நோய் முற்றிய மீனை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் அளவு. ஒரு சொட்டுக்கும் எட்டுச் சொட்டுக்கும் உள்ள தூரம்தான் எல்லாம் என்பதால், நாங்கள் சொட்டு எண்ணவில்லை. 1 மில்லிலிட்டர் சிரிஞ்சில் அளந்தோம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, அப்படியே விட்டால் மேலே மிதந்து மீனின் செவுளில் ஒட்டும். ஆகவே ஒரு சின்ன பாட்டிலில் டேங்க் தண்ணீரும் எண்ணெயும் சேர்த்து, பால் போல வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாக இருந்தால் மயக்கம் சீக்கிரம் ஏறும், அதனால் காலையிலேயே தொடங்கினோம்.

இரண்டு டப்பா, இரண்டிலும் டேங்கிலிருந்தே எடுத்த தண்ணீர், ஒரே சூடு, ஒரே உப்பு. ஒன்று இரண்டு லிட்டர், மயக்கத்துக்கு. மற்றொன்று பெரியது, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடிக்கொண்டிருப்பது, தெளிவதற்கு. நனைத்த வெள்ளைத் துண்டு, டார்ச், கட்டர், நேரம் பார்க்கக் கடிகாரம். எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும். மீனை வலையால் தூக்காதீர்கள். பயத்தில் காற்றை விழுங்கி ஊதிவிட்டால் அதை வெளியே விடப் பஃபர் மிகவும் திணறும். தண்ணீருக்குள்ளேயே ஒரு டம்ளரில் வரவழைத்து, தண்ணீரோடு மாற்றுங்கள். காற்றோடு ஊதியே விட்டால், தண்ணீருக்குள் தலை மேலாக, வால் கீழாகப் பிடித்து மெதுவாக அசைத்தால் குமிழியாக வெளியேறும்.

பாட்டிலில் கலந்ததில் பாதியை ஊற்றினோம். ஒரு நிமிடம் வேகமாகச் சுற்றியது. பிறகு சாய்ந்து நீந்தியது, நேராக்கிக்கொண்டது, மறுபடி சாய்ந்தது. மூன்று நிமிடம் ஆகியும் வாலைத் தொட்டால் உதறியது. மீதியில் பாதியை ஊற்றினோம். அடுத்த ஒன்றரை நிமிடத்தில் மல்லாந்து, கீழே படிந்தது. செவுள் மட்டும் மெதுவாக, சீராக, திறந்து மூடியது. வாலை அழுத்தினால் அசைவில்லை. அதுதான் சரியான நிலை. செவுள் நின்றுவிட்டால் பல்லைப் பற்றி நினைக்கவே கூடாது, உடனே நல்ல தண்ணீருக்குப் போக வேண்டும்.

நனைந்த துண்டில் வைத்து, கண்ணை மூடினாற்போலச் சுற்றி, அண்ணன் பிடித்துக்கொண்டார். கையில் நனைந்த எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்திருப்பது போல இருந்தது, அவ்வளவு சின்னது, வயிற்றில் மட்டும் சொரசொரப்பு. டார்ச் வெளிச்சத்தில் பல் பால் நிறமாக, ஓரத்தில் கண்ணாடி போலத் தெரிந்தது. கட்டரின் நுனியை மேல் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே நுழைக்க என் கை நடுங்கியது. முதல் வெட்டில் டிக்கென்று ஒரு சத்தம், நொய்யரிசி அளவுத் துணுக்கு ஒன்று தெறித்துத் துண்டில் ஒட்டியது. முப்பது வினாடி ஆனதும் தண்ணீரில் முக்கி, செவுள் பத்து முறை திறந்து மூடியதை எண்ணிவிட்டு, மறுபடி எடுத்தோம். ஒரே வெட்டில் முழுவதையும் எடுக்கக் கூடாது, பல் உள்ளே வரை கீறிவிடும். உதட்டோடு சமமாக வரும்வரை துணுக்குத் துணுக்காக. ஈறுக்கு அருகே நிறம் மாறும் இடத்துக்குப் போகவே வேண்டாம். மேலே நான்கு வெட்டு, கீழே இரண்டு. மொத்தம் மூன்று முறை வெளியே எடுத்தோம்.

தெளியும் டப்பாவில் ஏர் ஸ்டோனுக்கு எதிரே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டக் கூடாது என்றார் அண்ணன், பின்னோக்கி இழுத்தால் செவுளில் தண்ணீர் தப்பான பக்கம் போகும். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. என் வாழ்க்கையிலேயே மிக நீளமான இரண்டு நிமிடம் அது. பிறகு ஒரு பக்கத் துடுப்பு விசிறியது. ஆறாவது நிமிடத்தில் என் விரலிலிருந்து நழுவி நீந்தியது. அரை மணியில் வயிறு வெளுத்தது. அன்று இரவே நறுக்கிய இறாலை எட்டுத் துண்டு தின்றது.

நன்றாக முடிந்தது என்பதால் இதைச் சுலபம் என்று சொல்லமாட்டேன். மயக்கம் அதிகமாகி மீன் எழாமலே போகலாம், பல் பிளக்கலாம், உதடு வெட்டுப்படலாம். தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட, முடிந்தால் மூன்றாமவர் நேரம் சொல்ல. முன்பு செய்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி பயம் போகும். மீன் எவ்வளவு தெம்பாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக மயக்கத்திலிருந்து எழும். எனவே இதுதான் வழி என்று தெரிந்தபின் தள்ளிப்போடுவதில் லாபம் ஒன்றுமில்லை. மயக்கம் இல்லாமல் கையில் பிடித்து வெட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், துடிக்கிற மீனின் தாடை உடைந்துவிடும்.

நான்காம் வழி: கொடுத்துவிடுவது

வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுப்பது தீர்வாகாது, அங்கே அது இன்னொரு பட்டினித் தொட்டிக்குத்தான் போகும். அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது வேறு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பல் வெட்டுவதற்காக மட்டும் ஒரு வாரம் அவரிடம் விட்டுவைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். நம் கழிமுகத்து மீன்தானே என்று பழவேற்காட்டிலோ முட்டுக்காட்டிலோ கொண்டுபோய் விடுவது கூடவே கூடாது. கடைத் தொட்டிகளின் நோய்களையும் சேர்த்துத் தண்ணீரில் விடுகிறோம். வாய் திறக்காத மீன் அங்கே போயும் பட்டினிதான்.

எந்த மீன் என்பதும் முக்கியம்

பட்டாணி பஃபர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மட்டும் காணப்படும் அந்தக் குட்டி மீன், 1941-இல் பம்பை ஆற்றிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானது. வளர்ந்தாலும் ஓர் அங்குலம், அதற்குச் சற்றுக் கூட. கட்டரின் முனையே அதன் முகத்தைவிடப் பெரிது. அதற்குப் பல் பிரச்சினை அபூர்வம், சின்ன நத்தை தொடர்ந்து கிடைத்தால் போதும். ஆகவே அதற்கு முதல் வழிதான், வாங்கிய முதல் நாளிலிருந்தே. காட்டில் குறைந்து வருகிற மீன் அது, மலிவாகக் கிடைக்கிறது என்று கவனமில்லாமல் வளர்க்க வேண்டாம்.

தென்னமெரிக்கப் பஃபர் நேர் எதிர். அமேசான் பகுதியிலிருந்து வரும், முதுகில் கறுப்புப் பட்டைகள் கொண்ட, ஓயாமல் நீந்தும் மீன். நத்தையே போட்டாலும் அதன் பல் தேய்வதைவிட வேகமாக வளரும். அதை வாங்க ஆசைப்பட்டால், வெட்டக் கற்றுக்கொள்ளத் தயாரா, அல்லது வெட்டித் தர ஆள் இருக்கிறாரா என்று பணம் கொடுக்கும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். பச்சைப் புள்ளியும் எட்டு வடிவப் பஃபரும் நடுவில் நிற்கின்றன, தீனி சரியாக இருந்தால் கட்டரைத் தொடாமலே காலம் தள்ளலாம்.

குண்டுக்கு வெட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு டார்ச் அடித்துப் பார்த்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவைக்கிறேன். இந்த மாதப் படத்தில் மேல் பல் உதட்டைத் தாண்டி ஒரு நூலளவு தெரிகிறது. நத்தையை இன்னும் உடைக்கிறது, வயிறு உருண்டை. அதனால் இப்போதைக்கு வாரம் மூன்று நாள் நண்டுக் கால், நான்கு வாரம். அதற்குள் குறையாவிட்டால் அண்ணனுக்குப் போன் செய்துவிடுவேன். கட்டரைக் கழுவித் துடைத்து, சிரிஞ்சோடு சேர்த்து, டேங்க் ஸ்டாண்டின் மேல் தட்டிலேயே வைத்திருக்கிறேன்.